ஜெயமணி அடித்த ருமேனியா டேங்க்

ஜெபல் அலியில் இரும்புத்தகடு வேலை செய்யும் ஒரு பட்டறையில் ஜெயமணி இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறார். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே உள்ள ஒரு சின்ன ஊரிலிருந்து முப்பது வயதில் வந்தவர். இப்போது ஃபோர்மேன். ஏ.சி. குளிர்காற்று போகிற டக்ட், ஹோட்டல் அடுப்புக்கு மேலே மாட்டும் புகைக்கூண்டு, தண்ணீர் டேங்க் எதுவானாலும் அவர் கைபட்டால் மூட்டு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாது.

அவரிடம் ஒரே ஒரு கோளாறு. "தெரியாது" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. வந்த முதல் வாரம், "ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியுமா?" என்று சூப்பர்வைசர் கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். அன்றைக்குப் பட்டறையின் வடக்குச் சுவரில் விழுந்த ஓட்டையை அடைக்காமல், அப்படியே சட்டம் போட்டு ஜன்னலாக்கிவிட்டார்கள். நல்ல காற்று வருகிறது. அதற்கு இன்றுவரை "ஜெயமணி ஜன்னல்" என்றுதான் பெயர்.

போன வருஷம் மார்ச் மாதம் ஒரு காலையில், எஸ்டிமேஷன், அதாவது செலவுக்கணக்கு, பார்க்கும் விஜயபாஸ்கரிடமிருந்து போன் வந்தது. கோயம்புத்தூர்க்காரர். அப்போது அவர் பர் துபாயில் பல் டாக்டரின் நாற்காலியிலிருந்து இறங்கியிருந்தார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதில் பாதி வாய் மரத்துக் கிடந்தது.

"ஜெமணிண்ணா... உமேனியா டேங்க் ஒண்ணுங்ணா... மேல்... மட்டும் நம்முளுது... ஈமெயில் போட்டுட்டனுங்... ஏதாச்சும் சந்தேகமுங்களா?"

அந்தப் பேச்சில் ஜெயமணிக்குத் தெளிவாகக் கேட்டது இரண்டே வார்த்தை. ஒன்று டேங்க், இன்னொன்று மேல்.

"எனக்கென்ன சார் சந்தேகம்? நீங்க போய் ரெஸ்ட் எடுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

ட்ராயிங் வந்தது. மூலையில் "ROMANIA, TACAM R-2, UPPER" என்று போட்டிருந்தது. டகாம் என்பது கன்சல்டன்ட் கம்பெனியின் பெயராக இருக்கும். ஆர்-2 என்றால் இரண்டாவது தடவை திருத்திய ட்ராயிங். அப்பர் என்றால் மேலே வைப்பது, அதாவது ஓவர்ஹெட் டேங்க். ருமேனியாக்காரர்களின் ஏதோ ஒரு கட்டடத்து மொட்டைமாடியில் வைக்கப்போகும் தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான் விஷயம். அவர் மனதில் ஒரு நொடிகூட வேறு யோசனை ஓடவில்லை.

ஸ்டோர்ஸ் பார்க்கும் நிஷாந்தன் ஒரு தடவை ட்ராயிங்கை எட்டிப் பார்த்தான். யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்துக்காரன். நாற்பது வயது. எதையும் இரண்டு முறை எண்ணாமல் கொடுக்கமாட்டான்.

"அண்ணை, இதிலை மூண்டு பக்கம்தானே சுவர் இருக்கு. பின்சுவரைக் காணேல்லை. அடித்தகடும் இல்லை. பிறகு தண்ணி எங்கை நிக்கும்?"

"வரைஞ்சவன் மறந்துட்டான் தம்பி. இதையெல்லாம் நாமதான் பாத்துச் செய்யணும்."

"சுவரெல்லாம் ஏன் சரிஞ்சு போய்க் கிடக்கு?"

"சாய்ச்சு வச்சாப் பாசி பிடிக்காது."

"முன்னுக்கு இந்தப் பெரிய வட்ட ஓட்டை?"

இதற்கு மட்டும் ஜெயமணி கொஞ்சம் யோசித்தார். "குளிர் நாட்டுக்காரங்க. வெந்நியும் பச்சத்தண்ணியும் கலந்து வரணும்ல? பெரிய இன்லெட்டா வேணும்னு கேட்டிருப்பாங்க."

"ஒருக்கா போன் அடிச்சுக் கேட்டுப் பார்ப்பமே?"

"இருபத்திரண்டு வருசமா டேங்க் அடிக்கிறேன். கேக்குறதுக்கு என்ன இருக்கு?"

ஒன்பது நாள் வேலை. வரைந்தவன் மறந்ததையெல்லாம் ஜெயமணி பெருந்தன்மையோடு சேர்த்துக்கொடுத்தார். பின்சுவர், அடித்தகடு, வழிகிற தண்ணீருக்கு ஒரு குழாய், கழுவி விடுவதற்கு அடியில் ஒரு குழாய், பந்து மிதக்கும் வால்வு, உள்ளே இறங்க ஏணி. மேலே பாதிக்கு மேல் திறந்து கிடந்ததால் கொசு முட்டையிடும், முனிசிபாலிட்டிக்காரன் அபராதம் போடுவான் என்று வலையடித்த மூடியும் செய்தார். உள்பக்கம் முழுக்க வெள்ளை எபாக்ஸி பெயின்ட். அந்த வட்ட ஓட்டைக்கு எட்டு போல்ட் வைத்து ஒரு மூடி போட்டார். பிறகு தண்ணீர் நிரப்பி, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, ஒரு நாள் முழுக்க விட்டார். காலையில் வந்து தாளைத் தொட்டுப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அன்று பதினோரு மணிக்குத்தான் டேங்க் செய்யச் சொன்ன அந்தம்மா வந்தார். ருமேனியாக்காரர், பெயர் ருக்ஸாந்த்ரா. அதைச் சொல்ல வராமல் பட்டறையில் எல்லோரும் அப்போதே ருக்கு மேடமாக்கிவிட்டார்கள். துபாய்க்கு வெளியே, பாலைவனத்தை ஒட்டி, பழைய போர் வண்டிகளைச் சேர்த்துவைக்கும் ஒரு பணக்காரரின் கண்காட்சிக் கொட்டகைக்கு அவர்தான் பொறுப்பாளர். கூடவே கன்னம் வீங்கிய விஜயபாஸ்கர்.

ருக்கு மேடம் டேங்க்கைச் சுற்றி மெதுவாக ஒரு சுற்று வந்தார். ஏணியைப் பார்த்தார். கொசுவலையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். தெளிந்த தண்ணீரில் அவருடைய முகம் தெரிந்தது. கடைசியாக அடியில் இருந்த குழாயைத் திருகினார். தண்ணீர் வந்தது. அதில் இரண்டு கையையும் கழுவினார். பிறகு ஒரு பெயின்ட் டிரம்மின் மேல் உட்கார்ந்து, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

விஜயபாஸ்கர் சிரிக்கவில்லை. "ஏனுங்ணா, இது என்னங்ணா பண்ணி வச்சிருக்கீங்க? இது சண்டை போடற டேங்க்குங்ணா. பீரங்கி வண்டி. மேல் கூடு மட்டும் நாம பண்றோம். சக்கரமும் அடிப்பாகமும் ஷார்ஜாவுல பண்றாங்க."

ஜெயமணிக்குக் காது ரெண்டும் கொதித்தது. பட்டறையில் கிரைண்டர் ஓடுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. எல்லாத் தலையும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு வார்த்தை, "தெரியாமப் பண்ணிட்டேன் சார்" என்று சொன்னால் முடிந்துவிடும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்து, வழி தெரியாமல் திரும்பிப் போனது.

"தெரியும் சார்" என்றார் ஜெயமணி. "லீக் டெஸ்ட் பண்ணேன். ஒழுகாத டேங்க்தான சண்டைக்கு நல்லது?"

தூரத்தில் நிஷாந்தன் ஸ்டோர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான். உள்ளேயிருந்து சிரிப்பை அடக்க முடியாமல் இருமுகிற சத்தம் வந்தது.

ருக்கு மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவருக்கு இந்தி தெரியும். சின்ன வயதில் அவர்கள் ஊர்த் தியேட்டரில் இந்திப் படமாகப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட இந்தி. அதனால் காதலிக்கிறவர்கள் பேசும் மாதிரியே இருக்கும். ஜெயமணியின் இந்தி, பட்டறையில் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட இந்தி. இரண்டும் எப்படியோ ஒன்றையொன்று புரிந்துகொண்டன.

"ஜெய் பாய், சரியாகத்தான் சொன்னீர்கள்" என்றார் மேடம். "எங்கள் ராணுவத்தில் அந்தக் காலத்தில் இப்படி ஒருவர் லீக் டெஸ்ட் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்."

தன் பொய் அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதும், அவர் அதைப் பத்திரமாக மூடிவைத்துவிட்டார் என்பதும் ஜெயமணிக்குப் புரிந்தது. அந்த நிமிஷத்திலிருந்து மேடம் என்ன சொன்னாலும் செய்வது என்று முடிவு செய்துகொண்டார்.

மேடம் போனில் ஒரு பழைய போட்டோவைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். இரண்டாம் உலகப்போர். ருமேனியாவிடம் இருந்த டேங்க்குகள் செக் நாட்டில் வாங்கிய பழைய வண்டிகள். ரஷ்ய டேங்க்குகளுக்கு முன்னால் அவற்றின் சின்னப் பீரங்கி எடுபடவில்லை. புதுசு வாங்க வழியில்லை. அதனால் பழைய வண்டியின் தலையைக் கழற்றிவிட்டு, ரஷ்யர்களிடமிருந்து பிடித்த பெரிய பீரங்கியைத் தூக்கி அதன் மேல் வைத்தார்கள். பீரங்கிக்காரர்களுக்கு மறைப்பு வேண்டுமே, அதற்குத் தகடு? பிடிபட்ட ரஷ்ய டேங்க்குகளை வெட்டி அந்தத் தகட்டிலேயே மூன்று பக்கம் அடைத்தார்கள். டகாம் ஆர்-2 என்று பெயர் வைத்து இருபது சொச்சம் வண்டி அப்படிச் செய்தார்கள். இன்றைக்கு ஒன்றுதான் மிச்சம். அது புக்காரெஸ்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ஜெயமணி போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அவருக்குப் போர் தெரியவில்லை. பட்டறை தெரிந்தது. "சரக்கு வரலை, இருக்கிறதை வச்சு முடின்னு மேனேஜர் சொல்லியிருப்பான். வண்டி ஒருத்தனது, பீரங்கி இன்னொருத்தனது, தகடு திருடினது. ஆனா முடிச்சுட்டானுங்க பாருங்க மேடம்."

"திருடினது இல்லை, பிடித்தது."

"நம்ம பட்டறையிலயும் அப்படித்தான் சொல்வோம்."

பின்சுவரை வெட்டினார்கள். அடித்தகட்டை வெட்டினார்கள். ஏணி கழன்றது. ஒவ்வொன்றும் விழும்போது ஜெயமணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பந்து வால்வை மட்டும் யாருக்கும் தெரியாமல் தன் லாக்கரில் வைத்துக்கொண்டார். தகட்டை உருட்டிப் பீரங்கிக்குழாய் செய்து, அந்த வட்ட ஓட்டையில் செருகினார். பச்சைப் பெயின்ட் அடித்தார். ஒரு வாரத்தில் மேடத்தைக் கூப்பிட்டார்.

மேடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அழகாக இருக்கிறது. வாஷிங்மெஷின் மாதிரி இருக்கிறது. வேண்டாம்."

பிரச்சினை, வேலை மிகவும் நன்றாக இருந்தது என்பதுதான். போட்டோவில் இருக்கிற வண்டியில் தகடும் தகடும் சேருகிற இடம் புடைத்துக்கொண்டு, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, அவசரத்தில் தைத்த சட்டை மாதிரி இருந்தது. ஜெயமணி செய்ததில் மூட்டே தெரியவில்லை.

"கொஞ்சம் மோசமாகச் செய்யுங்கள் ஜெய் பாய்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்காத ஒன்று. மாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. வெல்டிங்கை வெட்டி எடுத்துவிட்டுத் திரும்பவும் பற்றவைத்தார். மனதைக் கல்லாக்கிக்கொண்டு கையைக் கோணினார். கோணல்கூட ஒரே சீராக, பூவேலை செய்த பார்டர் மாதிரி வந்து நின்றது. மேடம் வந்து பார்த்து, "இது சேலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது தடவை நிஷாந்தனைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ பத்தவை."

"எனக்கு வெல்டிங் தெரியாது அண்ணை."

"அதுக்குத்தான் கூப்பிடுறேன்."

நிஷாந்தன் முகமூடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு பற்றவைத்தான். தகட்டில் மூன்று ஓட்டை விழுந்தது. அவனுடைய பூட்ஸில் ஒன்று விழுந்தது. மேடம் குனிந்து பார்த்துவிட்டு, "இதைச் செய்தவருக்கு வேலை தெரியாது. எங்கள் ஆட்களுக்கு வேலை தெரியும். நேரம்தான் இல்லை" என்றார். பிறகு தேதி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை திறப்புவிழா. சனிக்கிழமை காலையில் டிரெய்லர் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெயமணி சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து உமாராணி வீடியோ காலில் கூப்பிட்டார். அவர் மனைவி. கணவரின் முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்துவிடுவார்.

"மோசமா வேலை செய்யச் சொல்றாங்க, வரமாட்டேங்குது" என்றார் ஜெயமணி.

"வீட்டுக்கு லீவுல வரும்போது கொல்லைக் கதவு ரிப்பேர் பண்ணீங்களே, அந்த மாதிரி பண்ணுங்க."

"அது பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பண்ணது."

"பின்னே, அதேதான்" என்று உமாராணி வைத்துவிட்டார். அவர் அதைப் பெரிய யோசனையாக நினைத்துச் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

ஜெயமணி கையைக் கழுவிக்கொண்டு வந்து பழைய வெல்டிங்கையெல்லாம் வெட்டி எடுத்துத் தயாராக வைத்தார். பிறகு சும்மா உட்கார்ந்தார். மூன்று மணி, நான்கு மணி, ஐந்து மணி. விஜயபாஸ்கர் நகத்தைக் கடித்துக்கொண்டு இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். ஐந்தே முக்காலுக்கு, தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்புக்குப் போகும் பஸ் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஆறு மணிக்குக் கிளம்பிவிடும். அதன் டிரைவர் சுஐபு, காயல்பட்டினத்துக்காரர். ஒரு நிமிஷம் பொறுக்கமாட்டார். அவருடைய கடிகாரத்தை யாரையும் சரிபார்க்க விட்டதும் இல்லை.

ஜெயமணி முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார். பதினைந்து நிமிஷம். நான்கு மூட்டு. ஹாரன் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் கை துள்ளியது. வெல்டிங் ராடு மாற்றும்போது பழைய இடத்தில் தொடாமல் ஒரு விரல்கடை தள்ளித் தொட்டது. அதைச் சரிசெய்ய நின்றால் பஸ் போய்விடும். நிற்கவில்லை. "ஜெயமணி, யல்லா! சீக்கிரம்!" என்று சுஐபு ஜன்னல் வழியாகக் கத்தினார். கடைசி ராடு தீர்வதற்குள் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். ஓடுகிறபோது திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு கேட்காது என்று அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை மேடம் வந்து மூட்டின்மேல் கையை வைத்தார். பிறகு விஜயபாஸ்கரிடம், "பெயின்ட் மட்டும் அடியுங்கள். இதை இனி யாரும் தொடக்கூடாது" என்றார். அன்றே அது கண்காட்சிக் கொட்டகைக்குப் போய், ஷார்ஜாவில் செய்த அடிப்பாகத்தின் மேல் ஏறியது.

திறப்புவிழாவுக்கு ஜெயமணியையும் கூப்பிட்டிருந்தார்கள். கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு போனவர், டேங்க்குக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். பெயின்ட் இன்னும் சரியாகக் காயவில்லை, யாராவது சாய்ந்துவிடுவார்கள் என்ற பயம். அவர் நிற்கிற தோரணையைப் பார்த்து, லக்னோவிலிருந்து வந்த ஒரு குடும்பம் அவரைக் கண்காட்சி ஆள் என்று நினைத்து, "இது என்ன வண்டி?" என்று கேட்டது. தெரியாது என்று சொல்கிற பழக்கம்தான் இல்லையே. ஆனால் இந்தத் தடவை அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது. இந்தியில் ஆரம்பித்தார். பழைய வண்டி, பிடித்த பீரங்கி, வெட்டிய தகடு. கூட்டம் சேர்ந்தது. எர்ணாகுளத்துக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். ஒரு பாகிஸ்தான் டாக்ஸி டிரைவர், "இதை வைத்து யாரைச் சுட்டார்கள்?" என்று கேட்டார்.

"ரஷ்யாக்காரனைச் சுடத்தான் செஞ்சாங்க. பொறவு நாற்பத்தி நாலு ஆகஸ்டுல நாடு கட்சி மாறிடுச்சு. அதனால இதே வண்டியை எடுத்துக்கிட்டுப் போய் ஜெர்மன்காரனைச் சுட்டாங்க."

"வண்டி அதேதானா?"

"வண்டி அதேதான். திருப்பி நிறுத்தினாங்க, அவ்வளவுதான்."

டிரைவர் ரொம்ப நேரம் அந்த வண்டியைப் பார்த்தார். "நல்ல வண்டி" என்றார்.

இதையெல்லாம் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ருக்கு மேடம், அடுத்த வாரமே விஜயபாஸ்கரிடம் பேசினார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயமணி அங்கே வழிகாட்டி. கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். உமாராணிக்கு அதை வீடியோவில் காட்டியபோது, "போட்டோவுல கண்ணை மூடியிருக்கீங்க" என்றார். இன்னும் மாற்றவில்லை.

இந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு நாள் ருமேனியாவிலிருந்தே ஒரு சுற்றுலாக் கூட்டம் வந்து இறங்கியது. மேடம் அன்றைக்கு லீவு. ஜெயமணி அசரவில்லை. அவர்களுடைய போரை அவர்களுக்கே இந்தியிலும் கையாலும் முழுசாக விளக்கினார். அவர்களும் மரியாதையாகக் கடைசிவரை கேட்டுவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்கள். ஒரு ஆள் மட்டும் போகவில்லை. எழுபது வயதிருக்கும். சின்னக் கண், பெரிய கை. அவர் மூட்டின் மேல் கட்டைவிரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்தார். ஒரு இடத்தில் நின்று, திரும்பி ஜெயமணியைப் பார்த்து, நெற்றிக்கு முன்னால் முகமூடியை இழுத்துவிடுவது போல் சைகை செய்தார். நீயா?

ஜெயமணி தலையை ஆட்டினார்.

அந்த ஆள் தன் நெஞ்சில் தட்டிக்கொண்டு, "டிராக்டர்" என்றார். பத்து விரலையும் மூன்று தடவை விரித்துக் காட்டினார். முப்பது வருஷம் டிராக்டர் தொழிற்சாலையில் வெல்டர். பிறகு சட்டைக் கையை மடக்கி, நெருப்புப் பொறி விழுந்த தழும்புகளைக் காட்டினார். ஜெயமணியும் கல்யாணச் சட்டையின் கையை மடக்கினார். யாருக்கு அதிகம் என்று இரண்டு பேரும் எண்ணினார்கள். அந்த ஆளுக்கு இரண்டு கூடுதல். அதன் பிறகு ராடை எந்தச் சாய்வில் பிடிப்பது என்பதில் தகராறு வந்தது. அவர் ஒரு பேனாவைப் பிடித்துக் காட்டினார், ஜெயமணி இன்னொரு பேனாவைப் பிடித்துக் காட்டினார். அரைமணி நேரம் சண்டை. இருவரும் அவரவர் மொழியில் திட்டிக்கொண்டார்கள். ஒருவருக்கும் கோபம் வரவில்லை.

சாப்பாட்டு நேரம் வந்ததும் ஜெயமணி டேங்க்கின் நிழலில் அவரை உட்காரவைத்து டிபன் டப்பாவைத் திறந்தார். புளியோதரையும், நிஷாந்தன் கொடுத்தனுப்பிய கத்தரிக்காய்ப் பொரியலும், ஒரு ஓரத்தில் ஆவக்காய் ஊறுகாயும் இருந்தன. அந்த ஆள் முதலில் ஊறுகாயைத்தான் எடுத்தார், முழுத்துண்டாக. ஜெயமணி தடுப்பதற்குள் வாயில் போட்டுவிட்டார். முகம் சிவந்தது. காது சிவந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஒரு பாட்டில் தண்ணீரையும் மூச்சுவிடாமல் குடித்துவிட்டு, ஏதோ ஒரு நீண்ட வாக்கியம் சொன்னார். அது வசவா பாராட்டா என்று ஜெயமணியால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு அவர் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இரண்டாவது துண்டைத் தேட ஆரம்பித்தார்.